குழந்தை எத்தனை கிலோ? எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் மகள் மார்ச் முதல் வாரத்தில் வேலூரில் பிறந்தாள். தலைச்சன் பிரசவம், வழக்கப்படி தாய்வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மனைவியும் குழந்தையும் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டார்கள். சத்துவாச்சாரி வீட்டில் நான் தனியாள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போவேன், ஞாயிறு ராத்திரி திரும்புவேன். இப்படியே மூன்று மாதம்.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? எண்பது பக்க நோட்டு ஒன்றில் எடை, பால் குடித்த வேளை, நனைந்த துணி எண்ணிக்கை என்று கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கேள்விகள் சேர்ந்தன. பார்க்க வந்தவர்கள் எங்களைக் கேட்டவை, நாங்கள் டாக்டரையும் நர்சம்மாவையும் கேட்டவை, ராத்திரி இரண்டு மணிக்கு நானும் மனைவியும் போனில் ஒருவரையொருவர் கேட்டவை. அவளுக்கு இப்போது எட்டு மாதம். கம்பெனியில் புதிதாகத் தகப்பனான இரண்டு பேர் அதே கேள்விகளோடு என் மேஜைக்கு வந்ததால், பதில்களையும் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதுதான் உங்களுக்குச் சரி.

பிறந்தப்போ எத்தனை கிலோ?

2 கிலோ 600 கிராம். போனில் முதல் கேள்வி "இன்னா கொயந்த?" என்பது, இரண்டாவது இது. குடியாத்தத்து அத்தை இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் "எங்க பேரன் மூணே முக்கா" என்றார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக்கூட எங்கள் பக்கத்தில் இவ்வளவு கறாராக எடை பார்த்து வாங்க மாட்டார்கள்.

இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தை என்ற கணக்கு. அதற்கு மேல் 2.6 ஆனாலும் 3.7 ஆனாலும் அது தொடங்குகிற இடம், அவ்வளவுதான். இது எனக்குப் புரிய நான்கு மாதம் ஆனது.

அஞ்சு நாளிலேயே எடை குறைஞ்சிடுச்சே, ஏன்?

ஐந்தாம் நாள் 2 கிலோ 410. முதலில் 190 கிராம் நஷ்டம் என்று எழுதி வைத்தேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறந்த குழந்தை உடம்பில் இருக்கும் அதிகப்படி நீர் முதல் சில நாளில் வெளியேறும், முதல் மலமும் வெளியேறும். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு, அதிகம் போனால் பத்து பங்கு வரை குறையலாம். அதைத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். தாய்க்குப் பால் நன்றாக இறங்குவதே மூன்றாம் நாள், நான்காம் நாள்தான். அதுவரை வரும் சீம்பால் சில ஸ்பூன்தான், பிறந்த குழந்தையின் இரைப்பையும் அவ்வளவுதான் கொள்ளும்.

பத்து நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள் 2 கிலோ 590. நோட்டில் "பாக்கி 10" என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது.

சீம்பாலைப் பீய்ச்சி ஊத்திட்டீங்களா? சேனை யார் வெச்சாங்க?

மனைவியின் ஆயா, அதாவது என் மாமியாரைப் பெற்றவர், ஆஸ்பத்திரிக்கே சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிட்டார். நல்ல குணமுள்ள பெரியவர் யாராவது நாக்கில் சேனை தொட்டு வைத்தால் குழந்தைக்கு அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை. சீம்பால் "கெட்டுப் போன பால்" என்பதும் அவர் காலத்துப் பேச்சு. உண்மையில் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த பால் அதுதான், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். சிலர் சேனைக்கு வைக்கிற தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும், கைகால் தளர்ந்து மூச்சே நின்று போகலாம். அதனால் ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது.

ஆயாவிடம் இல்லை என்று சொல்வது எப்படி? நர்ஸ் ஒருவர்தான் வழி கண்டார். "ஆயா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, வெறும் விரலால உதட்டைத் தொடுங்க, உங்க குணம் வந்துடும்." ஆயா அப்படியே செய்தார். எட்டு மாதக் குழந்தையின் பிடிவாதத்தைப் பார்த்தால் வந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

பால் பத்துதான்னு எப்படித் தெரியும்?

மூத்திரத்தை எண்ணுங்கள். ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைத்தால் உள்ளே போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துணி போட்டதில் ஒரு லாபம், ஒவ்வொன்றையும் எண்ண முடிந்தது. டயப்பரில் மூன்று தடவை போனதா, ஐந்து தடவையா என்று யார் கண்டது? பயணத்துக்கு மட்டும் டயப்பர் என்று வைத்துக்கொண்டோம்.

ராத்திரி பகல் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு வேளை பால். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூடுவது நல்ல வளர்ச்சி. ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. குழந்தை அழுவதும் மார்பு தளர்ந்திருப்பதும் பால் பத்தாததற்கு அடையாளம் அல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நான்கைந்து நாள் மலம் போகாமல் இருந்து, பிறகு இளகலாகப் போனால் அதுவும் பயப்படுகிற விஷயம் இல்லை. முதல் தடவை நாங்கள் நான்கு நாளும் ஆளுக்கொரு சாமிக்கு வேண்டிக்கொண்டோம்.

இந்த வெயில்ல ஒரு வாய் தண்ணி கூடவா கொடுக்க மாட்டீங்க?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நியாயமான கேள்வி. மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்கிற ஊர் வேலூர். கத்திரி தொடங்கும்போது மகளுக்கு இரண்டு மாதம். மாமியார் வீடு ஓட்டு வீடு. மத்தியானம் சுவரைத் தொட்டால் கை சுடும். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "நாக்கு வறண்டு போயிடும்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அக்கினி நட்சத்திரத்திலும் குழந்தைக்கு அதுவே போதும், அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவே. தனியாகத் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிறைந்து பால் குறையும், உடம்பில் உப்பின் அளவும் நீர்த்துப் போகும், தண்ணீரில் கிருமி இருந்தால் வயிற்றுப்போக்கு வேறு. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், ஓமத்தண்ணீர், பாட்டிலில் விற்கிற வயிற்றுவலி மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் வேண்டியது தாய்க்கு. மனைவிக்குக் காலையில் கேவுரு, அதாவது கேழ்வரகுக் கூழும் மோரும், மத்தியானம் நுங்கு, பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு. "பச்சை உடம்புக்காரிக்கு மோர் ஆகாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை மாமியாரே ஒதுக்கிவிட்டார், அதில் எனக்கு ஆச்சரியம்தான். ஓட்டின் மேல் தென்னை ஓலை போட்டோம். ஜன்னலில் ஈரச் சாக்கு. குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, சில மத்தியானங்களில் அதுவும் இல்லை. வேர்க்குரு வந்தது, பவுடர் போடாமல் ஈரத்துணியால் துடைத்து விட்டதிலேயே அடங்கியது.

ஒரு நாள் உடம்பு சுட்டது. மூன்று மாதத்துக்குள் 100.4 பாரன்ஹீட் தொட்டால் வீட்டில் மருந்து கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். தெர்மாமீட்டரில் 99.6. துணியைக் கழற்றிப் பால் கொடுத்து, அரை மணி கழித்துப் பார்த்தால் 98.8. அந்த அரை மணி நேரம் நான் பஸ் ஸ்டாண்டில் போனும் கையுமாக நின்றிருந்தேன்.

ரெண்டு வாரமா எடையே ஏறலையாமே?

இந்தக் கேள்விதான் எங்கள் வீட்டை ஒரு வாரம் ஆட்டி வைத்தது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆறாம் வாரம் ஊசிக்குப் போனபோது 3 கிலோ 650. எட்டாம் வாரம் சளி பிடித்து, டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே 4 கிலோ 400. எனக்குத் தலைகால் புரியவில்லை, குடியாத்தத்து அத்தைக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். பத்தாம் வாரம் ஊசி. கிராமத்து துணை சுகாதார நிலையத்துத் தராசில் 4 கிலோ 350. இரண்டு வாரத்தில் 50 கிராம் இறக்கம்.

அந்த எண்ணோடு மறுபடி அதே கிளினிக்குக்கு ஓடினேன். அங்கிருந்தவர் குழந்தையைக்கூடப் பார்க்காமல் "பால் பத்தலை, பவுடர் ஆரம்பிங்க" என்று ஒரு டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு இந்தியாவில் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. சீட்டு வந்தால் விளம்பரம் எதற்கு? மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நாந்தான் சரியா ஊட்டலையா?" என்று ராத்திரி முழுக்க அதையே கேட்டாள். மாமியார் சுறா மீன் வாங்கப் பள்ளிகொண்டாவரை போய்வந்தார்.

மறுநாள் நர்சம்மா வந்து என் நோட்டை வாங்கிப் பார்த்தார். கிளினிக்கில் குழந்தைக்கு என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். தொப்பி, முழுக்கைச் சட்டை, நனைந்த டயப்பர், சுற்றிய துண்டு. அதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். டயப்பரைத் தண்ணீரில் நனைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் குழந்தை இல்லாமல் தராசில் வைத்தார். 330 கிராம். அப்படியானால் எட்டாம் வாரத்து உண்மை எடை 4 கிலோ 70 கிராம். பிறகு இரண்டு வாரத்தில் 280 கிராம் ஏற்றம், நாளுக்கு 20. கணக்கு நேரானது. இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன், காலிச் சாக்கின் எடையைக் கழிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரே தராசு, வெறும் உடம்பு, வாரக்கணக்கில் இடைவெளி. தினம் தினம் எடை போட்டால் பால் குடித்ததும் மூத்திரம் போனதும்தான் தெரியும்.

கார்டில் இருக்கிற கோடுகள் என்ன சொல்லுது?

தாய் சேய் நல அட்டையின் உள்ளே வளைந்து ஏறும் கோடுகள் இருக்கும், பெண்ணுக்குத் தனி, ஆணுக்குத் தனி. அவை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து போட்ட கோடுகள். இந்தியாவிலிருந்து டில்லிக் குழந்தைகள் அதில் உண்டு. தாய்ப்பால் குடித்து வசதியாக வளரும் குழந்தை எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறது என்பதுதான் அந்த அளவையில் தெரிந்தது.

நடுக்கோட்டை நான் பாஸ் மார்க் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், நடு என்றாலே அதுதானே. எங்கள் மகள் பிறந்ததிலிருந்து நடுக்கோட்டுக்கும், இயல்பான எடையைக் காட்டுகிற பச்சைப் பட்டையின் அடி ஓரத்துக்கும் இடையில் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறாள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார் நர்சம்மா. எடையோடு நீளமும் தலைச் சுற்றளவும் முக்கியம். முதல் மூன்று மாதம் தலை மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் வாக்கில் பெருக்கும், உள்ளே மூளை வளர்கிற வேகம் அப்படி. அதைப் பற்றி ஒரு சொந்தக்காரரும் கேட்கவில்லை.

தூக்கத்துல சிரிக்குதே, நம்மளைப் பார்த்து எப்போ சிரிக்கும்?

தூக்கத்தில் சிரித்தால் நரி விளையாட்டுக் காட்டுகிறது என்பார் ஆயா. உதடு சுழித்தால் நரி மிரட்டுகிறது. விக்கல் வந்தால் குடல் வளர்கிறது. ஆயாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, என் நோட்டில்தான் இல்லை.

முகம் பார்த்துச் சிரிப்பது ஆறிலிருந்து எட்டு வாரத்தில். பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் ஓரளவு தெரியும், அதாவது மடியிலிருந்து தாயின் முகம் வரை. வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறவனுக்கு வளர்ச்சி படிப்படியாகத் தெரியாது, தாவித் தாவித் தெரியும். ஒரு சனிக்கிழமை கழுத்தில் மடிப்பு இல்லை, அடுத்த சனிக்கிழமை இருந்தது. ஒரு வாரம் என் குரலுக்குத் திரும்பவில்லை, மறுவாரம் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மனைவிக்கு இதெல்லாம் தெரியவே இல்லை, "அப்பிடியேதானே இருக்கா" என்பாள்.

ஏழாம் வாரம். பாயில் அவள் படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரத்து ஈரத்துணிக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "ஏங்க, நிமிந்து பாருங்க" என்றாள் மனைவி. நிமிர்ந்தேன். குழந்தை பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்ததோ. அன்றைய கூட்டல் பாதியில் நிற்கிறது.

கழுத்து எப்போ நிக்கும்? குப்புற எப்போ விழும்?

கழுத்து மூன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் நிற்கும். குப்புற விழுவது நான்கிலிருந்து ஆறு. பிடிமானமில்லாமல் உட்காருவது ஆறிலிருந்து எட்டு, சில குழந்தைகளுக்கு ஒன்பது. மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதே இயல்பு என்பதால், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு வாரக்கணக்கில் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்குப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கையில், சில நிமிடம் குப்புறப் போட்டு வைத்தால் கழுத்தும் தோளும் உறுதிப்படும். தூங்கும்போது மல்லாக்கத்தான். தூளியில் தூங்கிவிட்டாலும் ராத்திரிக்குப் பாயில் இறக்கிப் போட்டுவிடுவோம்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தூக்கிக் குழந்தை அசைவது. பள்ளிக்கூடத்தில் பத்துப் பருவத்தையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது என்ன என்று கண்ணால் பார்த்தது ஆகஸ்ட் மாதம், சத்துவாச்சாரி வீட்டு ஹாலில். காற்றில் ஆடும் கீரைத்தண்டு மாதிரியேதான் இருந்தது. கார்டில் எழுதியிருப்பதையும் புலவர்கள் பாடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாதங்கள் பெரிதாக மாறவில்லை. ஏழில் தாலம், ஒன்பதில் சப்பாணி, கை கொட்டுவது. எங்களுக்குச் சப்பாணி இன்னும் வரவில்லை.

கால்ல போட்டுத் தண்ணி ஊத்தறது, மூக்கு இழுக்கறது, மை, வசம்பு எல்லாம் உண்டா?

சிலது உண்டு. ஆயா இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க நான் சனிக்கிழமையே லீவு போட்டிருக்கிறேன். எண்பது வயசுக் கை, ஒரு சொட்டு காதில் போகாது. எண்ணெய் தேய்ப்பதும் நல்லது. மூக்கை உருவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது, இவற்றுக்குத் தடை. உச்சிக்குழி ஒன்றரை வயது வாக்கில் தானாக மூடும், எண்ணெய் ஊற்றி நிரப்ப வேண்டியது இல்லை. ஆனால் அது உள்வாங்கிக் குழி விழுந்திருந்தாலோ, புடைத்து நின்றாலோ டாக்டர் பார்க்க வேண்டும். தொப்புளில் ஒன்றும் வைக்கவில்லை, காய்ந்து தானே விழுந்தது. கடை மையில் ஈயம் இருக்கலாம் என்பதால் கண்ணுக்கு மை இல்லை. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் மட்டும், அது ஒப்பந்தம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே இருக்கிறதே என்றார் ஆயா. கையில் வளையமாகக் கட்டிக்கொள்ளுங்கள், உரைத்து நாக்கில் தடவ வேண்டாம் என்றோம். பிறகு அந்த வளையத்தையே அவள் வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்ததும் அதுவும் கழன்றது. சாம்பிராணிப் புகை குழந்தைக்கு இருமல் கொடுக்கும் என்பதில் ஆயாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

சாயந்திரம் ஆனா ஏன் இப்படி அழுவுது?

எல்லாக் குழந்தையும் அழும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி, ஆறாம் வார வாக்கில் உச்சம், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பால், துணி, எறும்பு, காய்ச்சல் நான்கையும் பார்த்துவிட்டால் மிச்சம் தோளில் போட்டு நடப்பதுதான்.

ஊசி போட்டா காய்ச்சல் வருதே, ஒண்ணு விட்டுட்டா என்ன?

பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில். புதன்கிழமைதான் ஊசி நாள், கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பென்டா ஊசிக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. எடைக்குத் தகுந்த அளவு மருந்தை நர்சம்மாவே எழுதிக் கொடுத்தார். பிசிஜி போட்ட இடம் சில வாரம் கழித்துக் கொப்புளம் மாதிரி வீங்கி உடைந்து தழும்பாகும், அதில் எதுவும் தடவக் கூடாது.

வாயில் விடுகிற ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. இந்தியாவிலேயே தயாரான அந்த மருந்தை 2011-ல் தொடங்கி டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் தடுத்தது. 2016-லிருந்து அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. வேலூர்க் குழந்தைகளைத் தெருத் தெருவாகப் போய் வருடக்கணக்கில் கவனித்த ஆராய்ச்சிகள் எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் நிறைய நடந்திருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் பொறுமையாகக் கதவைத் திறந்து பதில் சொன்னதால்தான் என் மகளுக்கு இன்றைக்குச் சொட்டு மருந்து. இதைச் சொன்னதும் "அப்போ போட்டுடு" என்றார் ஆயா.

எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்?

பால் குடிக்க மறுத்தால். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால். மூன்று மாதத்துக்குள் நான் மேலே சொன்ன காய்ச்சல். இரண்டு மாதத்துக்குள் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால். வலிப்பு வந்தால். பச்சையாக வாந்தி எடுத்தால். மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தால். 108-க்குப் போன் போடுங்கள், மாமனாரின் கார்க்கார நண்பருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்தக் காலத்துல கார்டு, கோடு எல்லாம் பார்த்தா வளர்த்தோம்?

இதைக் கேட்பது எப்போதும் ஆயாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் திருப்பிக் கேட்டேன். "ஆயா, நீங்க பெத்தது எத்தனை?"

"ஏழு. தங்கினது நாலு."

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டேதான் சொன்னார். எல்லாம் வீட்டுப் பிரசவம். ஒன்று பதினோராம் நாள் போனது, ஒன்று பேதியில், இன்னொன்றுக்கு என்ன என்றே தெரியாது. 1971-ல் இந்தியாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் 129 போய்விடும். 2020 கணக்கில் அது 28, தமிழ்நாட்டில் 13. பழைய ஆற்காட்டுப் பக்கம் பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் கிடைப்பதே அரிது என்ற காலமும் இருந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய், மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்த அமெரிக்கப் பெண்தான் ஐடா ஸ்கடர். மருத்துவம் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி வந்தது.

இதை ஆயாவிடம் சொல்லவில்லை. கார்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போனார்.

கேவுரு எப்போ ஆரம்பிச்சீங்க?

ஆறு மாதம் முடிந்த மறுவாரம், செப்டம்பரில். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, அரைத்துத் துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சினார் மாமியார். நீர்க்க இருக்கக் கூடாது, ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிற பதம். முதல் நாள் இரண்டு ஸ்பூன், ஒன்றரை சட்டையில். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து என்று படித்தேன், மாமியாரிடம் சொன்னேன், "அதெல்லாம் எனக்குத் தெரியாது மாப்பிள்ளை, நல்லது" என்றார். பிறகு பருப்புச் சாதம், வாழைப்பழம், முட்டை மஞ்சள் கரு. உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்கு மேல்தான். தாய்ப்பால் கூடவே தொடர்கிறது.

இப்போ எத்தனை கிலோ?

ஆறாம் மாதம் 6 கிலோ 100. அதற்குப் பிறகு போடவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும்போது போடுவார்கள்.

கொழுக்கட்டை எப்போ?

குழந்தை முதல் தடவை வாசற்படி தாண்டினால் எங்கள் வீட்டில் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுப்போம். நேற்றுச் சாயங்காலம் மழையில் நனைந்த படியில் ஒரு கையை வைத்துவிட்டு, ஈரத்தைப் பார்த்து, கையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். மாவு இடித்து டப்பாவில் இருக்கிறது. ஆயா அணைக்கட்டிலிருந்து வந்து நான்கு நாளாகக் காத்திருக்கிறார்.